மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு சிம்பொனி கேட்க வழி உண்டா?

கொயர் டீச்சர், மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழுவில் நான்கு குரலும் உண்டு. பெரியவர்கள் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதிய ஸ்வரம்) பார்த்துப் பாடுவார்கள், பிள்ளைகள் காதால் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஹாண்டெலின் அல்லேலூயா கோரஸ் வருடம் தவறாமல் உண்டு. பக்கவாத்தியம் ஒரு கீபோர்டு, ஆள் கிடைத்தால் வயலின்.

இந்த முறை ஒத்திகையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கே, அதை நிஜத்தில் எத்தனை பேர் வாசிப்பாங்க?" என்று கேட்டாள். வயலின் இரண்டு பிரிவு, வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று விவரம் சொன்னேன். அந்தக் கோரஸில் ட்ரம்பெட்டும் டிம்பனி என்ற பெரிய முரசும் உண்டு, ஹாண்டெலே எழுதி வைத்தது என்றும் சொன்னேன். உடனே எல்லாருக்கும் டிம்பனியைப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டேன். டிம்பனி அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை.

"இதை எங்கே போனால் நேரில் கேட்கலாம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தியாவில் முழுநேர சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் என்.சி.பி.ஏ. என்ற கலை மையத்தில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான் எனக்குத் தெரிந்தது. இங்கிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல். இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அது நடக்கிற காரியம் இல்லை. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபையின் ஓய்வுநாள் பள்ளிக் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, பதிவாகவோ நேரலையாகவோ ஒரு முழு சிம்பொனியை, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதிய நீண்ட இசையை, கேட்க வைக்கலாம் என்று நினைக்கிறேன். போதகரும் சரி என்று சொல்லிவிட்டார்.

என் சொந்தக்காரர் ஒருவர் சென்னையில் இருக்கிறார், இசை தெரிந்தவர். "பதிவில் சிம்பொனி கேட்பது சாப்பாட்டுப் படத்தைப் பார்த்துப் பசியாறுவது மாதிரி. பிள்ளைகளுக்கு அதைப் பழக்காதே" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் தங்கள் ஊருக்கு வெளியே இருக்கிற நம்மைப் போன்றவர்களை எப்படி நினைக்கின்றன? அதோடு, எங்கே கேட்பது, எதில் கேட்பது, எதை முதலில் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழைய ரேடியோக்காரன், ஆசாரிபள்ளம்:

டீச்சர், நான் வானொலியில் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு இரண்டிலும் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் சொந்தக்காரர் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நேரில் கேட்பது பெரிது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தூரத்தில் இருந்து கேட்கிறவன் மிச்சம் மீதியைக் கேட்கிறான் என்று சொல்வது வரலாற்றுக்குச் சரியாக வராது. இன்று உலகத்தில் உள்ள நல்ல ஆர்கெஸ்ட்ராக்களில் பல மைக்கோடு சேர்ந்து வளர்ந்தவை. சில மைக்குக்காகவே பிறந்தவை.

முதலில் பதிவு. 1913-இல் ஆர்தர் நிகிஷ் என்ற நடத்துநர் (முன்னால் நின்று கையசைத்து வாசிக்க வைப்பவர்) பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முழுசாகப் பதிந்தார். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய புனல், அதன் முனையில் ஊசி, ஊசிக்குக் கீழே மெழுகுத் தட்டு. வாத்தியக்காரர்கள் புனலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார வேண்டும். டபுள் பேஸின் ஒலி ஊசியை அசைக்காது என்று அந்தக் காலப் பதிவுகளில் பல இடங்களில் அதற்குப் பதில் டியூபாவை ஊத வைத்தார்கள். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம்தான் கொள்ளும். அதனால் சிம்பொனியின் ஒரு பகுதியை நடுவில் வெட்டி, தட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடி தொடங்க வேண்டும். இவ்வளவு இடைஞ்சலிலும் மனிதர்கள் அதை வாங்கிப் போய் வீட்டில் கேட்டார்கள். பெர்லினுக்குப் போகவே முடியாதவர்களின் கைக்கும் அந்த ஆர்கெஸ்ட்ராவின் சிம்பொனி வந்து சேர்ந்தது.

1925-இல் மைக் வந்தது, மின்சாரப் பதிவு தொடங்கியது. ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி அதை உடனே பிடித்துக்கொண்டார். 1948-இல் எல்பி தட்டு வந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். ஒரு முழுப் பகுதியை இடையில் எழுந்திருக்காமல் கேட்க முடிந்தது அப்போதுதான். 1982-இல் சிடி வந்தபோது 74 நிமிடம், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியே ஒரு தட்டில் அடங்கியது.

ஆனால் என் மனசு ரேடியோ பக்கம்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1922-இலேயே ஒரு முழுக் கச்சேரியை வானொலியில் ஒலிபரப்பியது. லண்டனில் ப்ரோம்ஸ் என்ற கோடைக்காலக் கச்சேரி வரிசை 1895-இல் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்து வந்தவர்கள் கைவிட்டபோது 1927-இல் பிபிசி எடுத்துக்கொண்டது. 1930-இல் பிபிசி தனக்கென்றே ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியது. அமெரிக்காவில் என்பிசி நிறுவனம் 1937-இல் டோஸ்கனினி என்ற நடத்துநருக்காகவே ஒரு ஆர்கெஸ்ட்ராவைக் கட்டியது, அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று அவருடைய முதல் ஒலிபரப்பு. அந்த ஆர்கெஸ்ட்ராவின் வீடு ஒரு ஸ்டுடியோ. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சில ஆயிரம்கூட இல்லை, வீட்டில் கேட்டவர்கள் லட்சக்கணக்கில். அப்படியானால் யார் உண்மையான ரசிகர்?

நம் ஆகாசவாணியும் இதே வழியில் போனது. 1952-இல் டெல்லியில் வாத்திய விருந்தா என்ற பெரிய குழுவை அமைத்தார்கள். ரவிசங்கர் அதை நடத்தினார், தெற்கே இருந்து டி.கே. ஜயராம ஐயரும் நடத்தினார். ராகத்தை விடாமல், பல வாத்தியங்களை எழுதி வைத்து வாசிக்கிற முயற்சி அது. சம்பளத்துக்கு அத்தனை கலைஞர்களை வைத்திருக்க அன்றைக்கு வானொலியால்தான் முடிந்தது.

ஒரு ஒலிபரப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். 1941 செப்டம்பரில் இருந்து ரஷ்யாவின் லெனின்கிராட் நகரத்தை ஜெர்மன் படை சுற்றி வளைத்துப் பட்டினி போட்டது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் ஏழாம் சிம்பொனியை அந்த நகரத்துக்காக எழுதினார். நகரத்தில் மிஞ்சியிருந்தது வானொலிக் குழுவின் ஆர்கெஸ்ட்ரா. அதை நடத்தியவர் கார்ல் எலியாஸ்பெர்க். வாத்தியக்காரர்களில் பலர் பசியால் செத்துப் போயிருந்தார்கள். முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் சொற்பம் பேர், அவர்களுக்கும் ட்ரம்பெட் ஊதும் அளவுக்கு மூச்சு இல்லை. கூடுதல் ரேஷன் கொடுத்தார்கள், ராணுவ பேண்டில் இருந்து ஆட்களை அனுப்பினார்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று வாசித்தார்கள். குண்டுச் சத்தம் கச்சேரியைக் குலைக்கக் கூடாது என்று சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே எதிரியின் பீரங்கி நிலைகளைத் தாக்கின. நகரம் முழுக்கத் தெருவில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளிலும், எதிரி நின்ற பக்கமாகத் திருப்பி வைத்த ஒலிபெருக்கிகளிலும் அது ஒலித்தது. அதற்கு முன்பே ஜூலையில் அதன் இசைக்குறிப்பு மைக்ரோஃபிலிமாக டெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்காவுக்குப் போய், டோஸ்கனினி என்பிசியில் ஒலிபரப்பியிருந்தார். அந்தத் தெருவில் நின்று கோன் ஸ்பீக்கரில் கேட்ட ஜனங்களிடம் போய், நீங்கள் கேட்டது வெறும் படம் என்று யாராலும் சொல்ல முடியுமா?

இனி நீங்கள் கேட்ட நடைமுறை விஷயம். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். டபுள் பேஸின் கடைசித் தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. ஃபோனில் இருக்கிற ஸ்பீக்கரால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. மேல் ஸ்வரங்களை வைத்து நம் காது கொஞ்சம் ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டிம்பனி காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். சபையில் 15 அங்குல ஸ்பீக்கர் இரண்டு இருக்கும் அல்லவா? அதையே பயன்படுத்துங்கள். ஆனால் மைக் செட் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி, மிக்சரில் எக்கோவைச் சுத்தமாக நிறுத்தச் சொல்லுங்கள். பிரசங்கத்துக்காக ஈக்வலைசரில் ஏற்றி இறக்கி வைத்திருப்பதையும் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பதிவில் கச்சேரிக் கூடத்தின் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. மேலே இன்னொரு எக்கோ போட்டால் எல்லாம் குழம்பிப் போகும். ஃபோனில் இருந்து மிக்சருக்கு ஒயர் போட்டே இணையுங்கள்.

சத்தத்தின் அளவை எப்படி வைப்பது என்பதுதான் முக்கியமான விஷயம். ஆர்கெஸ்ட்ராவில் மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. எஃப்எம்மில் அதை அப்படியே அனுப்பினால் மெல்லிய இடம் பஸ் சத்தத்தில் மூழ்கிவிடும் என்று நாங்கள் மெல்லியதை ஏற்றி, உரத்ததை இறக்கி அனுப்புவோம். சினிமாப் பாட்டுக்கு அது பாதகமில்லை. சிம்பொனியில் அதுவே பெரிய இழப்பு. இன்று இணையத்தில் ஆர்கெஸ்ட்ராக்கள் தாங்களே போடுகிற பதிவுகளில் பெரும்பாலும் அந்தத் தூரத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் மெல்லிய இடம் வரும்போது யாரும் ஓடிப்போய் சத்தத்தைக் கூட்டக் கூடாது. உச்சமான ஒரு இடத்தை முன்பே போட்டுப் பார்த்து, அது காதை உறுத்தாத அளவுக்கு வைத்துவிட்டு, அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

இன்னொன்று. பதிவில் நீங்கள் கேட்பது கூடத்தின் எந்த இருக்கையிலும் கேட்காத ஒலி. 1950-களில் டெக்கா நிறுவனத்தின் என்ஜினியர்கள் மூன்று மைக்கை ஒரு சட்டத்தில் பொருத்தி நடத்துநரின் தலைக்குப் பின்னால், உயரத்தில் தொங்கவிட்டார்கள். இன்றும் பல இடங்களில் அதுதான் அடிப்படை. அதோடு தேவைப்பட்ட வாத்தியங்களுக்குப் பக்கத்தில் தனி மைக்குகள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியத்துக்குமான இசைக்குறிப்பை, திறந்து வைத்துக்கொண்டு, அடுத்து ஓபோ வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்து உட்கார்ந்திருப்பார். அதுவும் ஒரு வாசிப்புத்தான் டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.


குளச்சல் வயலின்:

ரேடியோ அண்ணாச்சி சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம். ஆனால் டீச்சருடைய சொந்தக்காரர் பக்கமும் ஒரு பெரிய ஆள் இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். செர்ஜியு செலிபிடாகே. 1979-இல் இருந்து சாகும்வரை மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தியவர். தன் கச்சேரிகளைத் தட்டாக வெளியிட அவர் பெரும்பாலும் சம்மதித்ததில்லை. அந்தக் கூடத்தில், அந்த நேரத்தில், அந்த எதிரொலிக்கு ஏற்றபடிதான் வேகம் அமையும். அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஒரு அறையில் போட்டால் அது இசையே இல்லை என்பது அவருடைய உறுதி. நான் வாசிக்கிறவன் என்பதால் அது எனக்குப் புரிகிறது. கூடம் மாறினால் வில் மாறும்.

ஆனால் 1996-இல் அவர் இறந்த பிறகு, வானொலிக்காரர்கள் பதிந்து வைத்திருந்த நாடாக்களைக் குடும்பத்தார் வெளியிடச் சம்மதித்தார்கள். குளச்சலில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவர் யார் என்று தெரிந்ததே அந்த நாடாக்களால்தான். அவர் நடத்திய ப்ருக்னரின் சிம்பொனிகள் எவ்வளவு நிதானமாக நகரும் என்று கேட்டுத்தான் நான் என் வில்லின் வேகத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

நேரில் கேட்பது பற்றி ஒன்று. 2005 டிசம்பர் 26, சுனாமி வந்து ஒரு வருடம் முடிந்த அன்று, மும்பையில் பிறந்த நடத்துநர் ஜூபின் மேத்தா ஜெர்மனியின் பவேரிய ஸ்டேட் ஆர்கெஸ்ட்ராவோடு வந்து சென்னை மியூசிக் அகாடமியில் நினைவுக் கச்சேரி நடத்தினார். எங்கள் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் எவ்வளவு பறிகொடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கச்சேரி எங்களுக்காகவும்தான். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அந்தக் கூடத்தில் இல்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் திருப்பலியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தோம். பேருந்து பிடித்துப் போகிற மனநிலை யாருக்கும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு கச்சேரி நேரலையாகக் கடற்கரை ஊர்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அதே மேத்தா, அதே ஆர்கெஸ்ட்ரா 2013-இல் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் வாசித்தது பல நாடுகளில் நேரடியாக ஒளிபரப்பானது. மனசிருந்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

டீச்சர், பிள்ளைகளுக்கு முதலில் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் இளையோருக்கான ஆர்கெஸ்ட்ரா அறிமுகத்தைப் போடுங்கள். வாத்தியங்களைப் பிள்ளைகளுக்கு விளக்குகிற ஒரு கல்விப் படத்துக்காகவே எழுதியது, 1946-இல் வெளிவந்தது. பர்செல் என்ற முந்தைய கால இசையமைப்பாளரின் ஒரு பழைய மெட்டை எடுத்து, முதலில் மொத்த ஆர்கெஸ்ட்ரா, அப்புறம் ஒவ்வொரு குடும்பம், அப்புறம் ஒவ்வொரு வாத்தியம் என்று பிரித்துக் காட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னுவார். டிம்பனிக்கும் தனி இடம் உண்டு. மொத்தம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.


ராஜா ரசிகன், நாகர்கோவில்:

பிள்ளைகளுக்கு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அந்நியம் என்று நினைக்காதீர்கள் டீச்சர். 2005-இல் இளையராஜா திருவாசகத்துக்கு இசையமைத்தபோது வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அந்த சிடி எங்கள் வீட்டில் தேயத் தேய ஓடியது, அம்மாவுக்கு அது பக்திப் பாட்டு. 2025 மார்ச் 8-இல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது நாங்கள் இங்கே பேப்பரிலும் ஃபோனிலும் துண்டு துண்டாகப் பார்த்தோம். முழுசாக நேரலையில் உட்கார்ந்து கேட்கிற ஏக்கம் அன்றைக்கு எனக்கு வந்தது. உங்கள் சனிக்கிழமைக்குப் பெரியவர்கள் வரலாம் என்றால் நானும் வருகிறேன், மார்த்தாண்டம் ஒன்றும் தூரம் இல்லை.


ஃபிராங்க்ஃபர்ட் நர்ஸ், சொந்த ஊர் கருங்கல்:

டீச்சர், நான் ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டிருந்தீர்கள் அல்லவா, தூரத்தில் இருக்கிறவர்களை அவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று. அதற்கு இங்கிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும். டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள், வீடு இருந்தால் கட்ட வேண்டும். வந்த புதிதில் அந்தக் கடிதத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பணத்தில் இருந்துதான் மாநில ஒலிபரப்பு நிறுவனங்கள் தங்கள் ஆர்கெஸ்ட்ராக்களை வைத்திருக்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பது எச்ஆர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, 1929-இல் வானொலிக்காகத் தொடங்கியது. மியூனிக்கில் பவேரிய வானொலி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, 1949-இல் தொடங்கியது, இப்போது சைமன் ராட்டில் நடத்துகிறார். கொலோனில் டபிள்யூடிஆர் நிறுவனத்தின் ஆர்கெஸ்ட்ரா. இவர்கள் முழுக் கச்சேரிகளை நல்ல ஒலியோடு, நல்ல படத்தோடு யூடியூபில் இலவசமாகப் போடுகிறார்கள். எச்ஆர் சேனலில் மாலர், பீத்தோவன், ப்ராம்ஸ், சிபேலியஸ் என்று முழு சிம்பொனிகள் கொட்டிக் கிடக்கின்றன. தேடும்போது இசையமைப்பாளர் பெயர், சிம்பொனி எண், ஆர்கெஸ்ட்ரா பெயர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் பீத்தோவன் என்று போட்டால் மூன்று நிமிடத் துண்டுகளும் தூங்க வைக்கிற தொகுப்புகளும்தான் வரும்.

ஆல்ட்டே ஓப்பர் கூடத்தில் அவர்கள் வாசிக்கிறதை நேரில் கேட்டிருக்கிறேன். மேலே கூரையில் இருந்து மெல்லிய கம்பியில் மைக்குகள் தொங்கும். ஓரங்களில் கேமராக்கள், ஆனால் யாரையும் மறைக்காது. இரண்டு பகுதிகளுக்கு நடுவில்தான் ஜனங்கள் மொத்தமாக இருமித் தீர்ப்பார்கள். இசை ஓடும்போது அந்தக் கூடம் அடக்கிக்கொள்கிறது. கேட்கிறவர்கள் கூடத்தில் மட்டும் இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கச்சேரியை யூடியூபில் போட்டதும் கருங்கலில் அம்மாவுக்கு அனுப்புவேன். அம்மாவுக்கு செல்லோ பிடிக்கும். சிம்பொனி என்றால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை, டிவியில் போட்டுக் கேட்பார்கள்.

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வேறு வழியில் போனது. 2008-இல் டிஜிட்டல் கான்செர்ட் ஹால் என்று சொந்தமாக ஒரு தளம் தொடங்கினார்கள். கட்டணம் உண்டு. நேரலையும் உண்டு, பழைய கச்சேரிகளும் உண்டு. 2020 மார்ச்சில் கூடங்களை மூடியபோது அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நான் அப்போது கொரோனா வார்டில் இருந்தேன். நைட் டூட்டி முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, காதில் மாட்டிக்கொண்டு கிடப்பேன். ஆள் இல்லாத கூடத்தில் அவர்கள் வாசித்தது எனக்கு எவ்வளவு பெரிய துணை என்று சொல்லித் தெரிய வைக்க முடியாது. அதனால் இந்த விவாதத்தில் நான் ரேடியோ அண்ணாச்சி பக்கம்.

நேரலை பார்க்க வேண்டும் என்றால் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இங்கே இரவு 8 மணி என்றால் நம் ஊரில் கோடைக்காலத்தில் 11.30, குளிர்காலத்தில் 12.30. பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரி இங்கே காலை 11.15-க்கு, நமக்கு ஜனவரி முதல் தேதி பிற்பகல் 3.45. 1959-இல் இருந்து தொலைக்காட்சியில் வருகிறது, இன்று தொண்ணூறு நாடுகளுக்கு மேல் பார்க்கிறார்கள். நம் மேத்தாவும் பலமுறை நடத்தியிருக்கிறார். புத்தாண்டு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்து எழுந்தால் சரியாக இருக்கும்.


பழைய ரேடியோக்காரன், ஆசாரிபள்ளம்:

தங்கச்சி எழுதியதைப் படித்து மனசு நிறைந்தது. நேரத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். டெட்ராய்ட் சிம்பொனியில் 2010-இல் சம்பளத் தகராறில் ஆறு மாதம் வேலை நிறுத்தம் நடந்தது. அது தீர்ந்த 2011-இல், கூடத்துக்கு வராத ஜனங்களைத் தேடிப் போக வேண்டும் என்று கச்சேரிகளை இணையத்தில் இலவசமாக நேரலை செய்யத் தொடங்கினார்கள். 1922-இல் வானொலியில் போன அதே ஆர்கெஸ்ட்ரா. அங்கே சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கினால் நமக்கு ஞாயிறு விடியற்காலை 5.30, அவர்கள் ஊரில் குளிர்காலம் என்றால் 6.30. ரப்பர் வெட்டப் போகிற ஊரில் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பது யாருக்கும் சிரமம் இல்லை.

லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து 1958-இல் இருந்து 1972 வரை டிவியில் பிள்ளைகளுக்காக நடத்திய 53 நிகழ்ச்சிகளையும் தேடிப் பாருங்கள் டீச்சர். ஆங்கிலத்தில்தான் பேசுவார், நீங்கள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லலாம். அவரையே நாடு அறிந்தது வானொலியால்தான். 1943 நவம்பர் 14, நடத்த வேண்டிய ப்ரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒத்திகைகூட இல்லாமல் இந்த இருபத்தைந்து வயதுப் பையன் ஏறினான். அன்றைக்கு ஞாயிறு, கச்சேரி நாடு முழுக்க ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.


கொயர் டீச்சர், மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சொந்தக்காரருக்கும் இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். செலிபிடாகேயைப் பற்றிப் படித்துவிட்டு, "பார்த்தாயா" என்று மட்டும் பதில் போட்டார். அதற்கு அடுத்த பத்தியையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

முடிவு செய்தது இதுதான். முதல் சனிக்கிழமை பிரிட்டன், அதைத் தொடர்ந்து அல்லேலூயா கோரஸை முழு ஆர்கெஸ்ட்ராவோடு. பிள்ளைகளுக்குப் பாட்டு மனப்பாடம் என்பதால் கூடவே பாடத் தொடங்கிவிடுவார்கள். முதல் தடவை பாடாமல் கேட்கச் சொல்லி, இரண்டாம் தடவை பாட விடலாம் என்று இருக்கிறேன். அடுத்த மாதம் எச்ஆர் சேனலில் இருந்து பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, நடுவில் நிறுத்தாமல். இசைக்குறிப்பு ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய பிள்ளைகள் நாலைந்து பேருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பு) படிக்கத் தெரியும், அவர்களுக்கு அதை அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். ஜனவரி முதல் தேதி வியன்னா, அதற்குப் பெற்றோரும் வரலாம். டெட்ராய்ட் விடியற்காலை நேரலைக்கு டெனர் பகுதி அண்ணன்மார் இரண்டு பேர் இப்போதே தயார் என்கிறார்கள்.

ராஜா ரசிகன் அண்ணன் தாராளமாக வாருங்கள். குளச்சல் தம்பி, வயலினை எடுத்துக்கொண்டு வர முடியுமா? கேட்டு முடித்த பிறகு பிள்ளைகள் ஒரு நிஜ வயலினைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ரேடியோ அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி. எங்கள் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கமும் ஜன்னல், தரை சிமெண்ட். ஸ்பீக்கர் இரண்டும் மேடையின் இரண்டு மூலையில், சுவரோடு ஒட்டி உயரத்தில் மாட்டியிருக்கிறது. அதை அப்படியே விடலாமா?


பழைய ரேடியோக்காரன், ஆசாரிபள்ளம்:

விட வேண்டாம். கழற்றி, சுவரில் இருந்து மூன்றடி முன்னால், பிள்ளைகள் உட்கார்ந்தால் காது எந்த உயரமோ அந்த உயரத்தில் பெஞ்சு மேல் வையுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, முதல் வரிசை அவ்வளவு தூரம் தள்ளி இருக்கட்டும். தரையில் பாய் விரியுங்கள், ஜன்னலுக்குத் திரை இருந்தால் இழுத்து விடுங்கள், சிமெண்டின் எதிரொலி குறையும். மழை நாளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சிம்பொனி நடக்காது, அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைக் செட் தம்பி இருப்பான் என்றால் நான் வந்து வைத்துக் கொடுக்கிறேன்.